பெட்டிச் சாவி யாரிடம்?

விமானப் பயணத்துக்குப் பெட்டி அடுக்குவது எப்படி என்று சொல்லித்தருகிறவர்களுக்குக் குறைவில்லை. சேலையை உருட்டி வை, செருப்பை உறையில் போடு, கண்ணாடிச் சாமானைத் துணியில் சுற்று என்று பக்கம் பக்கமாக யோசனைகள். கேட்டுக்கொண்டிருப்பவள் பெண் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அடுக்குவது அவள் வேலை. ஆனால் அந்தப் பெட்டி யாருடையது, உள்ளே இருப்பதில் எது அவளுடையது, பூட்டியபின் சாவி யார் கையில் இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்க நினைப்பது அதைத்தான்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கோலியனூர். சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஊர் சிறிது, ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் பெட்டிகள் சிறிதல்ல. கரும்பும் மணிலாவும் கைகொடுக்காத வீடுகளிலிருந்து ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். இன்னொரு வழியும் இந்தப் பக்கத்துக்கே உரியது: பிரான்ஸ். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றும் மணமகள் தேடி இங்கே வருகிறார்கள். 'பிரெஞ்சு மாப்பிள்ளை' என்றால் கல்யாணச் சந்தையில் அவருக்குத் தனி விலை. நிலம் விற்று அந்த விலையைக் கொடுத்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.

அப்படிப் போகிற பெண்ணுக்குச் சீர்வரிசையோடு சூட்கேசும் வாங்குவார்கள். ஒன்றல்ல, மூன்று, பெரிது, நடு, சின்னது, ஒரே நிறத்தில். மண்டபத்தில் சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினால் பார்க்கிறவர்கள் கண்ணில் படவேண்டும், அதுதான் தேர்வின் அளவுகோல். தூக்கப்போகிறவள் அந்தக் கடைக்கு வந்திருக்கவே மாட்டாள். பெட்டியின் காலி எடை என்ன என்று கேட்கிற அப்பாவை நான் பார்த்ததில்லை. பளபளப்பான பெரிய பெட்டி தானே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். விமான நிறுவனம் 23 கிலோ அனுமதிக்கிறது என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பெட்டியே தின்றுவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். பாலிகார்பனேட் பெட்டி அடிபட்டால் குழிந்து மீண்டுவிடும். அதே மாதிரித் தெரியும் மலிவான ஏபிஎஸ் பெட்டி விரிசல் விடும். நான்கு சக்கரப் பெட்டி வழவழப்பான தரையில் நடனமாடும், ஆனால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சக்கரம்தான் முதலில் உடையும். உள்ளே பதிந்த இரண்டு சக்கரம் கொஞ்சம் முரடு, நெடுநாள் உழைக்கும். இதையெல்லாம் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் அந்தப் பெட்டியை அவள் ஒருத்தியாக இழுத்துக்கொண்டு திரும்பவேண்டி வரலாம்.

சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கதை. சூட்கேசில் சக்கரம் வைத்து இழுக்கலாம் என்ற யோசனைக்கு பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1972இல். மனிதன் நிலவில் நடந்து மூன்று வருடம் கழித்து! அதற்கு முன்னே அவர் கடை கடையாக ஏறி இறங்கியபோது வேண்டாம் என்றார்களாம். ஆண் பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு போவானா, தூக்கத்தானே செய்வான் என்பது அவர்கள் கணக்கு. பெண் தனியாகப் பயணம் செய்வாள் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. கத்ரீன் மார்சால் என்ற ஸ்வீடன் எழுத்தாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் ஊரில் பெண்கள் தலையில் கட்டும் இடுப்பில் குடமுமாக நடந்ததற்கு யாரும் சக்கரம் கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, பெட்டி வாங்கியாயிற்று. உள்ளே என்ன போகிறது? கல்யாணமான பெண் விமானம் ஏறும் பெட்டியை எடை போட்டுப் பாருங்கள். டேபிள் டாப் கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல். இட்லித் தட்டு, குக்கர், மிக்ஸி ஜார். மாமனாருக்குப் பிடித்த வடகம், மாப்பிள்ளைக்கு எலுமிச்சை ஊறுகாய், நாத்தனார் பிள்ளைக்குப் பாவாடை சட்டை. அவளை அனுப்புகிறோம் என்ற பெயரில் அவள் செய்யவேண்டிய வேலையின் ஆயுதங்களை அவள் முதுகிலேயே ஏற்றி அனுப்புகிறோம். அவளுடைய பி.எஸ்சி. சான்றிதழும் பி.எட். சான்றிதழும் பிளாஸ்டிக் உறையில் அம்மா வீட்டு பீரோவில் கிடக்கும். "அத எடுத்துக்குனு போயி இன்னா பண்ணப் போற, தொலைஞ்சிடப் போவுது, இங்கயே கெடக்கட்டும்" என்று ஆயா சொல்லும், அம்மா தலையாட்டும். அங்கே போய் வேலை தேடவேண்டும் என்றால் அந்தக் காகிதம் வேண்டும். அதன்மேல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்து இருபது ஆண்டு ஆகிறது, 2005இல். அந்த முத்திரைக்கு முன்னால் மாநில அரசு சரிபார்க்க வேண்டும். எல்லாம் இங்கே இருக்கும்போது செய்கிற வேலை. அங்கே போனபின் தபாலில் அனுப்பு என்று கெஞ்சுகிற நிலைமையில், இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் தெரியாமல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. விலைமதிப்புள்ள பொருளைக் கையோடு வைத்துக்கொள் என்று பயண நிபுணர்கள் சொல்கிறார்களே, அவள் பெட்டியில் ஆக விலையுயர்ந்தது அந்தச் சான்றிதழ்தான். எடை நூறு கிராம் இருக்காது.

உடையும் பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். இந்தச் சாலையிலேயே, புதுச்சேரி எல்லைக்குள், வில்லியனூர் இருக்கிறது. அங்கத்திச் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றது. வெளிநாடு போகும் பெண்கள் ஒரு குதிரையோ ஒரு விளக்கோ வாங்கிப் போக ஆசைப்படுவார்கள். கொண்டுபோகலாம். முதலில் உள்கூட்டை நிரப்பவேண்டும். பானை என்றால் அதன் வயிற்றுக்குள் உள்பாவாடை, துண்டு. பிறகு கால், காது, கைப்பிடி என்று துருத்தும் இடங்களைத் தனித்தனியாகச் சுற்றிவிட்டு முழுதையும் சுற்றவேண்டும். பெட்டியின் நடுவில், எந்தப் பக்கச் சுவருக்கும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் மெத்து இருக்கும்படி வைக்கவேண்டும். கனமான சாமான் சக்கரத்தின் பக்கம் அடியில். 'உடையும் பொருள்' என்று ஒட்டும் சீட்டை நம்பவேண்டாம். பெல்ட்டில் உருளும் பெட்டிக்கு அந்தச் சீட்டைப் படிக்க நேரமில்லை. கவுண்டரில் உங்களிடம் கையெழுத்து வாங்கும் இன்னொரு சீட்டு உண்டு, உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். பெட்டி நசுங்கி வந்தால் அங்கேயே, விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே எழுதிக் கொடுத்து நகல் வாங்கவேண்டும். சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை சேதத்தை எழுத்தில் சொல்லக் கொடுக்கும் கெடு ஏழே நாள். ஊருக்குப் போய் அண்ணனிடம் சொல்லி, அண்ணன் யாரையாவது கேட்டுச் சொல்வதற்குள் ஏழு நாள் போய்விடும்.

அதே உடன்படிக்கையில் பெட்டி தொலைந்தால் கிடைக்கும் ஈடுக்கு உச்ச வரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர்; நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் அளவு. அதையும் நகைக்கும் பணத்துக்கும் பத்திரங்களுக்கும் தரமாட்டோம், அவற்றைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது என்று விமான நிறுவனங்கள் டிக்கெட் நிபந்தனையில் எழுதி வைத்திருக்கின்றன. பூட்டை நம்பலாமா? ஜிப் வைத்த பெட்டியை ஒரு பேனா முனையால் குத்திப் பிளந்து, பூட்டிய இழுப்பானையே திரும்ப ஓட்டி மூடிவிடலாம். பூட்டு அப்படியே இருக்கும். ஆகவே தங்கம் பெட்டிக்குள் போகக்கூடாது. கையில் அல்லது உடலில். இதில் எல்லா நிபுணர்களும் ஒத்துப்போகிறார்கள், நானும்தான்.

ஆனால் தங்கம் அவள் உடலில் ஏறியதும் அரசாங்கத்துக்கு அவள்மேல் தனி அக்கறை வந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் பயணச் சுமை விதிகள் சொன்னதைக் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் 'ஜென்டில்மேன்' பயணி 20 கிராம் நகை வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவர முடிந்தது, மதிப்பு 50,000 ரூபாய்க்குள். 'லேடி' பயணி என்றால் 40 கிராம், ஒரு லட்சம் ரூபாய்க்குள். 1998ஆம் ஆண்டு விதிகளிலும் இதே கணக்குதான்: ஆணுக்குப் பத்தாயிரம், பெண்ணுக்கு இருபதாயிரம். பெண்ணுக்கு இரண்டு பங்கு! சொத்தில், கூலியில், சட்டமன்றத்தில் எங்குமே கிடைக்காத இரட்டைப் பங்கை சுங்கத்துறை கொடுத்திருக்கிறது. தாராளம் என்று நினைக்கவேண்டாம். பெண் என்றால் நகை மாட்டியிருப்பாள் என்ற நினைப்பு அது. 2016இல் 40 கிராமும் ஒரு லட்சமும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. 2025 அக்டோபரில் ஒரு சவரன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. எடையில் ஐந்து சவரன் என்று எழுதியிருந்த அந்த விதி, அப்போது மதிப்பில் ஒரு சவரனுக்குச் சுருங்கிப்போயிருந்தது. கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின் போட்டு வந்தவளே அந்த வரம்பைத் தாண்டினாள்.

அதைவிட மோசமானது அந்த 'ஒரு வருடம்'. ஒரு வருடத்துக்கு முன்னால் திரும்பினால் இந்தச் சலுகையே கிடையாது. 2016 விதிகளின் கண்ணில் 'சொந்த உபயோகப் பொருள்' என்பதில் நகை சேரவில்லை. விதியிலேயே விலக்கி வைத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் திரும்பும் பெண் யார்? சுற்றுலா போனவள் ஒருத்தி. இன்னொருத்தி, கல்யாணமாகி ஐந்து மாதத்தில், ஏழு மாதத்தில், அடி பொறுக்காமல் அல்லது அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்து, கிடைத்த டிக்கெட்டில் ஏறி வருகிறவள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அப்படித்தான் வந்தாள். இருபத்தைந்து சவரனோடு போனவள். பத்திரமாக வைக்கிறேன் என்று அத்தை வாங்கி வைத்ததில் திரும்பி வராதது போக, உடலில் இருந்த ஆறு சவரனோடு ஒரு விமான நிலையத்தில் இறங்கினாள். "இது எங்கே வாங்கினது, பில் எங்கே?" பில் அப்பா பெயரில், விழுப்புரத்தில், கல்யாண ஆல்பத்துக்கு அடியில். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா கல்யாணப் போட்டோவையும் பில்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியபின் விட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவள் அழுதது நகைக்காக இல்லையாம். "புருஷன் எங்க, ஏன் தனியா வர" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

இதற்கு ஒரு காகிதம் போதும். இங்கிருந்து நகை எடுத்துப் போகும்போதே, பெட்டியை ஒப்படைக்கும் முன், விமான நிலையத்தில் உள்ள சுங்க அதிகாரியிடம் நகையையும் பில்லையும் மதிப்பீட்டாளர் சீட்டையும் காட்டினால் ஏற்றுமதிச் சான்றிதழ் தருவார்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் அது இங்கிருந்து போன நகை, வரி கிடையாது. எத்தனை மணமகள்களுக்கு இது தெரியும்? வழியனுப்ப இரண்டு வேனில் வரும் முப்பது பேரில் ஒருவருக்காவது தெரியுமா? காகித வேலை ஆண்களுடையது, ஆண்கள் டிராலி தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழுக்கு இன்னொரு பயன் உண்டு. அது பயணியின் பெயரில் வரும். எந்தெந்த நகை, எத்தனை கிராம், எந்தத் தேதியில் இவள் உடைமையாக இருந்தது என்று அரசு முத்திரையோடு ஒரு பட்டியல். பின்னால் "அவ ஒண்ணும் கொண்டாரலயே" என்று அந்த வீடு கையை விரிக்கும்போது அந்தக் காகிதம் பேசும். சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்று 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவனுக்கு அதில் உரிமை இல்லை, கஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரவேண்டும் என்று 2024 ஏப்ரலிலும் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டியவள் அவள்.

வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் ஒரு விதி போட்டார்கள். திருமணத்தில் மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல் எழுதவேண்டும். என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் யார், உறவு என்ன என்று குறித்து, மணமகனும் மணமகளும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலை வைத்திருக்க வேண்டியவள் மணமகள். நாற்பது வருடமாக இந்த விதி இருக்கிறது. நம் பக்கத்துக் கல்யாணம் எதிலாவது பார்த்திருக்கிறீர்களா? மொய் நோட்டு மட்டும் தவறாது. மண்டப வாசலில் மேசை போட்டு, இரண்டு ஆண்கள் உட்கார்ந்து, ஊர் பெயர், தகப்பன் பெயர், தொகை என்று ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுவார்கள். இருபது வருடம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டி இவன் எவ்வளவு செய்தான், நாம் எவ்வளவு திருப்பிச் செய்யவேண்டும் என்று பார்ப்பார்கள். ஆண்களுக்கு இடையே போய்வரும் பணத்துக்கு அத்தனை துல்லியமான கணக்கு. பெண்ணோடு போகும் தங்கத்துக்கு "நம்ம பொண்ணுகிட்டதானே இருக்குது" என்ற வாய்வார்த்தை.

இங்கே சில தோழிகள் குறுக்கிடுவார்கள். நகையே அடிமைச் சின்னம், வரதட்சிணையின் மறுபெயர், அதைப் பாதுகாக்க நீ ஏன் மல்லுக்கு நிற்கிறாய் என்று. வரதட்சிணை ஒழியவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் பெண் கைக்கு வருவது வேறு என்ன? 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடு முழுவதும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் திருத்தியாயிற்று. அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்து நிற்கும்போது அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது அந்தப் பத்திரத்தில் எழுதப்படாத ஷரத்து. அப்படியென்றால் அந்தச் சங்கிலியும் வளையலும் அவள் இழந்த கரம்பும் கேணியும் அல்லவா? நிலத்தைத் தங்கமாக மாற்றி அவளிடம் கொடுத்து, அந்தத் தங்கத்தையும் இன்னொரு வீட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு, நகை ஆசை பிடித்தவள் என்று அவளையே கேலி செய்வது நியாயமில்லை.

2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. இலங்கையைச் சேர்ந்த புதுமணப் பெண் ஒருவரின் தாலிக்கொடியை சுங்க அதிகாரிகள் கழற்றச் சொல்லிப் பறிமுதல் செய்த வழக்கு. நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி, உடலில் அணிந்திருக்கும் நகை பயணச் சுமையில் சேராது என்றும், தாலியைக் கழற்ற வைத்தது இந்த நாட்டின் மரபுக்கு ஒவ்வாதது என்றும் சொல்லி, நகையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். பத்திரிகைகள் இரண்டாவதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன: தாலியின் புனிதம். அந்தப் பெண்ணுக்கு நகை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முதல் காரணம் அல்லவா நமக்கு வேண்டியது? அவள் உடலில் இருந்தது அவளுடையது, அவ்வளவுதான். தாலி புனிதம் என்பதால் தப்பியது என்றால், கணவனை இழந்தவள் கழுத்துச் சங்கிலி? இஸ்லாமியப் பெண்ணின் வளையல்? தாலி கட்டாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவள்? அந்தத் திருமணத்தை 1967இல் சட்டமாக்கிய மாநிலம் இது. அவளிடம் கழற்று என்றால் எந்த மரபைச் சொல்லி நிற்பாள்? விவாகரத்துப் பத்திரத்தோடு திரும்புகிற பெண்ணுக்குத்தான் அந்தச் சங்கிலி உண்மையிலேயே தேவை. அவளிடம் புனிதம் ஏதும் இல்லை, பில்தான் இருக்கிறது.

பெட்டியே கொண்டுபோகாத பெண்களும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாத, முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் வளைகுடா போன்ற 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அரசு அனுமதிப்பதில்லை. மற்றவர்களும் 2016 முதல் அரசு முகமைகள் மூலமாகத்தான் போகலாம். தமிழ்நாட்டில் 1978 முதல் இதற்கென்று அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். நடப்பது என்ன? தரகர் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறார். சுற்றுலா போகிறவள் மாதிரித் தெரியவேண்டும், சின்னப் பெட்டி போதும், ரெண்டு நல்ல சுடிதார், அவ்வளவுதான் என்று பாடம். இரண்டு வருட வேலைக்குப் போகிறவள் நாலு நாள் பெட்டியோடு போகிறாள். சேர்ந்த அன்றே கடவுச்சீட்டு முதலாளி கையில். இந்தியக் கடவுச்சீட்டு அதை வைத்திருப்பவருக்குக்கூடச் சொந்தமல்ல, மத்திய அரசின் சொத்து என்கிறது 1967ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளிக்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் அதைப் பூட்டிவைக்க என்ன உரிமை? பிரான்சில் இருந்து வந்த அந்தப் பெண்ணின் கடவுச்சீட்டும் அவளிடம் இல்லை. அத்தை தூங்கும்போது கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கவுண்டரில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா? நம் ஆண்கள் கூசாமல் ஆமாம், நானே என்கிறார்கள். அவர்களுடைய ஜட்டி பனியன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் மனைவியைக் கேட்பார்கள். பெண்ணுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி. அவள்தான் அடுக்கினாள், ஆனால் கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பொட்டலம் கொடுக்கும், என் தம்பிக்கு என்று. மாமா ஒரு டப்பா கொடுப்பார். மறுக்க முடியாது, மறுத்தால் திமிர் பிடித்தவள். அந்த மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால், நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா, அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் சரக்கு என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் சரக்குப் பெட்டியில் இருந்தால் பெட்டியே நின்றுவிடும். பதில் சொல்லவேண்டியவள் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவள். தங்கம் கடத்தும் 'குருவி'களாகப் பெண்களைப் பழக்குவதும் இப்படித்தான் தொடங்குகிறது: ஒரு சின்ன உதவி. பெண்ணைப் பெண் அதிகாரிதான் சோதிக்கலாம் என்று சட்டம் கொடுத்த கௌரவத்தையும் அந்தக் கும்பல் தன் லாபத்தில் சேர்த்துக்கொள்கிறது. பிடிபட்டால் படம் வருவது குருவியினுடையது, அனுப்பியவனுடையது அல்ல.

ஆகவே அண்ணிமார்களே, தங்கச்சிகளே, அடுத்த முறை யாராவது பொட்டலத்தோடு வந்தால், எதிரிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கோபித்துக்கொள்ளட்டும். கிரைண்டரை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள், அந்த ஊரிலும் மின்சாரம் இருக்கிறது. மூன்று பெட்டி வேண்டாம், நீங்களே மாடிப்படியில் தூக்கி ஏறிப் பார்த்த ஒரு பெட்டி போதும். கைப்பையில் கடவுச்சீட்டு, சான்றிதழ்களின் அசல், உங்கள் பெயரிலேயே போட்ட நகை பில், ஏற்றுமதிச் சான்றிதழ், பரிசுப் பட்டியல். எல்லாவற்றின் படமும் உங்கள் மின்னஞ்சலில், கணவருக்குத் தெரியாத கடவுச்சொல்லோடு. நகையை வாங்கி வைக்கிறேன் என்று அத்தை கை நீட்டினால், "என் பேர்ல லாக்கர் போட்டிருக்கேன் அத்தை" என்று சொல்லப் பழகுங்கள். போடாவிட்டாலும் சொல்லிவிட்டு மறுநாள் போடுங்கள்.

அரசிடம் கேட்கவேண்டியதும் உண்டு. கணவனால் கைவிடப்பட்டோ வன்முறைக்குத் தப்பியோ வருகிற பெண்ணுக்கு அந்த ஒரு வருட நிபந்தனை பொருந்தாது என்று விதியில் ஒரே ஒரு வரி சேர்க்கவேண்டும். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடு வாழ் இந்தியரின் மனைவிகள் புகாருக்கென்றே 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் புகார் எண் சுங்கக் கவுண்டரில் செல்லவேண்டும். ஏற்றுமதிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு என்பதைக் கடவுச்சீட்டு கொடுக்கும்போதே தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். பரிசுப் பட்டியல் இல்லாமல் திருமணப் பதிவு இல்லை என்று பதிவுத்துறை சொல்லலாம். நகையைக் கழற்றச் சொல்லி எடுத்து வைத்தால் அதே இடத்தில் எடையும் படமும் போட்ட ரசீது, அவளுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில். புருஷன் எங்கே என்ற கேள்வி படிவத்தில் கிடையாது. அதிகாரி வாயிலும் இருக்கக்கூடாது.